130 டாலருக்கு வந்த அவதாரம்

கடவுளை உண்டாக்கியது யார் என்று நாம் கேட்டால் நமது ஆஸ்திக நண்பர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. “எல்லாவற்றையும் உண்டாக்கியவர் அவர், அவரை உண்டாக்க ஒருவன் உண்டா?” என்று சீறி விழுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒரு அவதார புருஷன் இருக்கின்றான். அவன் ஆகாயத்தில் பறப்பான். நெருப்பு அவனைச் சுடாது. துப்பாக்கிக் குண்டு அவன் மேல் பாயாது. வேறு ஓர் உலகத்தில் பிறந்து, தகப்பனால் பூமிக்கு அனுப்பப்பட்டு, இங்குள்ள ஜனங்களின் துன்பத்தைத் துடைக்க வந்தவன் என்பது அவனுடைய ஸ்தல புராணம். நமது பத்து அவதாரங்களில் எதற்கும் அவன் இளைத்தவனல்ல. ஒரே ஒரு வித்தியாசந்தான் உண்டு. அவனை யார் உண்டாக்கினார்கள், எந்த ஊரில் உட்கார்ந்து உண்டாக்கினார்கள், உண்டாக்கி என்ன விலைக்கு விற்றார்கள் என்பதற்கெல்லாம் கணக்கும் ரசீதும் இருக்கின்றன.

அவன்தான் சூப்பர்மேன் என்பவன். ஓஹையோ மாகாணத்தில் கிளீவ்லாந்து என்னும் ஊரில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். அய்ரோப்பாவிலிருந்து பிழைக்கப் போன யூதக் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைப் பிள்ளைகள். ஒருவர் கதை எழுதுவார்; மற்றவர் படம் வரைவார். இருவரும் சேர்ந்து கற்பனை செய்த இந்த வீரனைத் தூக்கிக்கொண்டு பல வருஷம் பத்திரிகைக்காரர் வாசல்தோறும் அலைந்தார்கள். கடைசியாக 1938-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரு கம்பெனி அவனை வாங்கிற்று. விலை 130 டாலர். அந்தப் பணத்துக்கு சகல பாத்தியதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத் தேதியிட்டு வந்த “ஆக்ஷன் காமிக்ஸ்” முதல் இதழில் சூப்பர்மேன் அவதாரம் செய்தான். அவனுக்கு ஜாதகம் கணிக்க வேண்டுமானால் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. அச்சுக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் போதும்.

இந்த அவதாரத்தைப்பற்றி நமது பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். புராணப் படங்களால் மூட நம்பிக்கை வளருகிறது என்று சொல்லி வருகிற நாம், மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வரும் புதுப் புராணங்களை மட்டும் “விளையாட்டு” என்று விட்டுவிடுவது நியாயமாகாது. இப்படிப்பட்ட படங்கள் ஒன்றோடு நிற்பதுமில்லை. முதல் பாகத்தில் உலகத்தைக் காப்பாற்றியவன் இரண்டாம் பாகத்தில் மறுபடியும் அதே உலகத்தைக் காப்பாற்றுகிறான். மூன்றாம் பாகத்திலும் அதே வேலைதான். எத்தனை முறை காப்பாற்றினாலும் அந்த உலகம் தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்ளக் கற்றுக்கொள்வதில்லை. இந்த வகையில் 1980-ல் வெளிவந்த சூப்பர்மேன் இரண்டாம் பாகத்தை நாம் உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில் அதில் திரையில் ஓடிய கதையும், திரைக்குப் பின்னால் நடந்த கதையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லுகின்றன.

திரையில் ஓடிய கதை

பாரிஸ் பட்டணத்து ஈபெல் கோபுரத்தில் சிலர் பயங்கரமான வெடிகுண்டு வைக்கிறார்கள். சூப்பர்மேன் பறந்து வந்து அந்தக் குண்டைத் தூக்கி ஆகாயத்துக்கு அப்பால் எறிகிறான். அது அங்கே வெடித்து, அவனது உலகத்திலிருந்து தண்டிக்கப்பட்டுச் சிறையில் அடைபட்டிருந்த மூன்று கொடியவர்களை விடுதலை செய்துவிடுகிறது. அந்த மூவருக்கும் அவனுக்குள்ள சக்தியெல்லாம் உண்டு. ஆகவே உலகத்தைக் காப்பாற்றிய அதே காரியம்தான் உலகத்தின் தலையில் நெருப்பைக் கொட்டுகிறது. நமது புராணங்களில் வரங்கொடுத்த சாமி, வரம் வாங்கிய அசுரனுக்குப் பயந்து ஓடுகிற கதை நமது வாசகர்களுக்கு ஞாபகம் வரும்.

அந்த மூவரின் தலைவனுக்கு ஸாட் என்று பெயர். அவனுக்குப் பணம் வேண்டாம், நிலம் வேண்டாம். அவன் கேட்பது ஒன்றே. எல்லோரும் தன் முன்னால் மண்டியிட வேண்டும். அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்குள்ளேயே புகுந்து, ஜனாதிபதியை மண்டியிடச் சொல்லுகிறான். முதலில் ஒருவன் நான்தான் ஜனாதிபதி என்று மண்டியிடுகிறான். இவ்வளவு பேருக்குத் தலைவனாய் இருப்பவன் இவ்வளவு சீக்கிரம் முழங்காலை மடக்கமாட்டான் என்று ஸாட் கண்டுபிடித்துவிடுகிறான். பிறகு உண்மையான ஜனாதிபதி முன்வந்து, ஜனங்களின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மண்டியிடுகிறார். அப்போது அவர் வாயில் “கடவுளே” என்ற சொல் வருகிறது. உடனே அந்தக் கொடியவன், தன் பெயர் அதுவல்ல, ஸாட் என்று திருத்துகிறான். படத்தை எழுதியவர்கள் சிரிப்புக்காக வைத்த இடம் இது. ஆனால் யோசித்துப் பார்ப்பவனுக்கு இதில் பெரிய விஷயம் இருக்கின்றது. மண்டியிடப் பழகிவிட்டவனுக்கு எதிரில் நிற்பது கடவுளா, கொடுங்கோலனா என்பது ஒரு எழுத்து வித்தியாசம்தான். முழங்கால் இருவருக்கும் ஒரே மாதிரியாகத்தான் மடங்குகிறது.

இந்த நேரத்தில் ரக்ஷகன் எங்கே போனான்? அவன் ஒரு பெண்ணைக் காதலித்து, அவளோடு வாழ்வதற்காகத் தன் சக்தியையெல்லாம் விட்டுவிட்டுச் சாதாரண மனிதனாகிவிட்டான். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் லாரி ஓட்டுகிறவன் ஒருவனிடம் அடிபட்டு, முதன்முறையாகத் தன் சொந்த ரத்தத்தைப் பார்க்கிறான். இந்தப் படத்திலேயே நமக்குப் பிடித்த இடம் இதுதான் என்று ஒளிக்காமல் சொல்லுவோம். வலி என்றால் என்ன என்று தெரியாதவன் பிறர் வலியைத் தீர்க்க வந்தேன் என்பதில் பெருமை ஒன்றுமில்லை. குண்டு பாயாத உடம்புக்குத் தைரியம் எதற்கு? ரத்தம் வரும் என்று தெரிந்தும் எதிர்த்து நிற்பவனுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். ஆனால் படக்காரர்கள் அந்த மனிதனை மனிதனாக இருக்க விடவில்லை. திரும்பப் போய் சக்தியை வாங்கிக்கொண்டு வரும்படி செய்து மறுபடியும் பறக்க விட்டுவிடுகிறார்கள்.

ஜனங்கள் எங்கே?

பெரிய பட்டணத்து வீதியில் சூப்பர்மேனுக்கும் மூவருக்கும் சண்டை நடக்கிறது. ஒரு பஸ் வண்டியைத் தூக்கி அவன்மேல் மோதுகிறார்கள். அவன் செத்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்போது ஓர் அதிசயம் நடக்கிறது. பறக்கிறவன் செய்ததையெல்லாம்விட மேலான அதிசயம் என்பது நமது அபிப்பிராயம். தெருவில் நின்ற சாதாரண ஜனங்கள், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, நமது ஆளைக் கொன்றவர்களை விடாதே என்று கொடியவர்கள்மேல் பாய்கிறார்கள். படம் முழுவதிலும் ஜனங்கள் தாங்களாக ஒரு காரியம் செய்யும் இடம் இது ஒன்றே.

இதைப் படக்காரர்கள் என்ன செய்தார்கள்? கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள். மூவரும் வாயால் ஊதுகிறார்கள். ஜனங்கள் சருகு போல் பறக்கிறார்கள். ஒருவன் தலையிலிருந்த பொய்மயிர் பறக்கிறது. ஒருவன் கையிலிருந்த அய்ஸ்கிரீம் பறந்து போய் வேறொருவன் முகத்தில் அப்புகிறது. சக்கரக் கட்டையில் ஓடுகிறவன் பின்னோக்கி உருளுகிறான். கொட்டகையில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்து? தங்களைப் போன்றவர்களையே பார்த்து! ஒருவன் பறந்தால் கைதட்ட வேண்டும். பத்தாயிரம்பேர் எதிர்த்து நின்றால் சிரிக்க வேண்டும் என்ற பாடத்தை இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு சுலபமாகப் புகட்டிவிடுகிறார்கள். எந்தப் பாகவதரும் பத்து நாள் காலக்ஷேபத்தில் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

முடிவில் சூப்பர்மேன் ஒரு தந்திரம் செய்து மூவரின் சக்தியையும் பிடுங்கிவிடுகிறான். ஜனாதிபதியிடம் போய், இனிமேல் கைவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அந்த வாக்கை நம்பி எல்லோரும் அவரவர் வேலைக்குப் போகிறார்கள். ஸாட்டின் முன்னால் மண்டியிட்ட முழங்காலைத் தட்டி எழுப்பிச் சூப்பர்மேனை நோக்கித் திருப்பி வைத்ததுதான் மிச்சம்.

திரைக்குப் பின்னால் நடந்த கதை

நிற்க, இந்தப் படம் எப்படி உண்டாயிற்று என்பதையும் பார்ப்போம். ஸால்க்கின்ட் என்னும் தகப்பனும் மகனும் படமுதலாளிகள். ரிச்சர்டு டானர் என்பவர் டைரக்டர். 1977-ம் வருஷம் மார்ச்சில் இங்கிலாந்தில் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒரே சமயத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். பணமும் காலமும் மிஞ்சிப் போகவே, இரண்டாம் பாகத்தில் பெரும் பகுதி எடுத்தாகிய நிலையில் அதை நிறுத்திவிட்டு முதல் பாகத்தை முடித்து 1978 டிசம்பரில் வெளியிட்டார்கள். இரண்டாம் பாகத்துக்காக முதலில் நினைத்து வைத்திருந்த முடிவையும் எடுத்து முதல் பாகத்துக்கே வைத்துவிட்டார்கள். படம் கொள்ளை கொள்ளையாகப் பணம் சம்பாதித்தது. சம்பாதித்துக் கொடுத்த டானருக்குக் கிடைத்த பரிசு என்னவென்றால், வேலையிலிருந்து நீக்கப்பட்டதுதான். முதலாளிகளுக்கும் அவருக்கும் தகராறு. 1979-ல் ரிச்சர்டு லெஸ்டர் என்பவரைக் கொண்டுவந்து, பல காட்சிகளைத் திரும்ப எடுத்து, டானர் எடுத்ததில் வேண்டியதை வைத்துக்கொண்டு, லெஸ்டர் பெயரையே டைரக்டர் என்று போட்டு 1980 டிசம்பரில் சில தேசங்களிலும், 1981 ஜூனில் அமெரிக்காவிலும் வெளியிட்டார்கள்.

சூப்பர்மேனின் தகப்பனாக நடித்தவர் மார்லன் பிராண்டோ. சுமார் இரண்டு வாரம்கூட நிறையாத வேலைக்கு அவருக்கு 37 லக்ஷம் டாலரும், வசூலில் பங்கும் பேசப்பட்டிருந்தது. கணக்கில் தகராறு வந்து அவர் கோர்ட்டுக்குப் போனார். இரண்டாம் பாகத்தில் அவர் தலை காட்டினால் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். ஆகவே எடுத்து வைத்திருந்த அவருடைய காட்சிகளை வெட்டி எறிந்துவிட்டு, மகனுக்குப் புத்தி சொல்லும் அசரீரியைத் தாயாரின் அசரீரியாக மாற்றிவிட்டார்கள். பிறகு 2006-ல் டானருடைய பழைய காட்சிகளைத் தேடியெடுத்து அவர் எண்ணப்படி தொகுத்து வேறொரு படமாக வெளியிட்டபோது, தகப்பனாரின் அசரீரி திரும்பி வந்துவிட்டது. முடிவும் மாறிற்று. முதலில் வந்த படத்தில் காதலி ஒரு முத்தத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். பின்னால் வந்ததில் காலமே பின்னோக்கி ஓடுகிறது.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஒரே புராணத்துக்கு இருபத்தாறு வருஷத்துக்குள் இரண்டு பாடம். ஒன்றில் அசரீரி தாய், மற்றதில் தகப்பன். ஆயிரம் வருஷம் கழித்து இந்த இரண்டும் ஏட்டுச் சுவடியாகக் கிடைத்தால் நமது பண்டிதர்கள் என்ன செய்வார்கள்? தாய் என்றால் சக்தி தத்துவம், தகப்பன் என்றால் சிவ தத்துவம் என்று தடித்தடியாக வியாக்கியானம் எழுதுவார்கள். இரண்டு மடம் கட்டுவார்கள். இரண்டு நாமம் போட்டுக்கொண்டு வழக்காடுவார்கள். ஆனால் உண்மை என்ன? பங்குப் பணம் கொடுக்க மனமில்லாத முதலாளி தகப்பனை நீக்கினான் என்பதுதான். ஆகவே, ஒரு புராணம் இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்டால் தத்துவம் தேடாதீர்கள். மாற்றினவன் யார், மாற்றியதால் அவனுக்கு என்ன லாபம் என்று தேடுங்கள்.

பறக்கிற வித்தையையும் சொல்லிவிடுவோம். நடித்த கிறிஸ்டோபர் ரீவ் என்பவரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அல்லது கட்டையில் பொருத்தி ஒரு திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். திரையில் மேகத்தின் படத்தை ஒரு விளக்கு யந்திரம் வீசும். ஜோரன் பெரிசிக் என்பவர் செய்த ஏற்பாட்டில், அந்த யந்திரத்தின் கண்ணாடியும் காமிராவின் கண்ணாடியும் இணைக்கப்பட்டு ஒரே சமயத்தில் நெருங்கியும் விலகியும் இயங்கும். மேகம் இருந்தபடியே இருக்க, மனிதன் மட்டும் பெரிதாகிப் பெரிதாகி நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தோன்றும். உண்மையில் அவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. புஷ்பக விமானம் பறந்தது எப்படி என்று கேட்டால் நம்மவர்கள் பக்தி என்பார்கள். இவர்கள் கண்ணாடி என்று சொல்லுகிறார்கள். செய்தவருக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். இந்த யோக்கியதையை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

படைத்தவர்களின் கதி

சூப்பர்மேனைப் பெற்றெடுத்த இருவர் என்ன ஆனார்கள்? அவன் பெயரால் கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தபோது, தங்கள் பாத்தியதையைக் கேட்டு அவர்கள் 1947-ல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு தொகையைக் கொடுத்து வழக்கை முடித்தார்கள். பிறகு அவர்கள் பெயரையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1975-ல், கோடிக்கணக்கான டாலரில் சூப்பர்மேன் படம் வரப்போகிறது என்று உலகமெல்லாம் விளம்பரம் நடந்தபோது, சீகல் ஒரு சாதாரணக் குமாஸ்தா. ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. குண்டு பாயாத உடம்பை வரைந்த கைக்கு, வரைவதற்குக் கண் இல்லை. உலகத்தைக் காப்பாற்றும் அவன், தன்னைப் பெற்றவர்களின் வீட்டு வாசல் பக்கம் ஒருநாளும் பறந்து வரவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது யார்? சீகல் கோபத்தோடு தன் குறையை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய சித்திரக்காரர்கள் தங்கள் தொழிலாளித் தோழருக்காகக் கூடி நின்று கூச்சல் போட்டார்கள். பத்திரிகைகள் எழுதின. கம்பெனிக்கு வெட்கம் வந்தது. 1975 டிசம்பரில் இருவருக்கும் ஆயுள் வரைக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கொடுக்கவும், அவர்கள் பெயரை மறுபடி போடவும் ஒப்புக்கொண்டார்கள். படத்திலும் அவர்கள் பெயர் வந்தது.

கணக்குப் பாருங்கள். தகப்பன் வேஷம் போட்டவருக்குச் சுமார் இரண்டு வாரத்துக்குக் கொடுத்த 37 லக்ஷம் டாலர், படைத்தவர் ஒருவருக்கு வருஷம் 20,000 வீதம் 185 வருஷத்துக்குக் கொடுக்கப் போதும். கடவுளுக்குத் தகப்பனாக நடித்தவருக்கு 37 லக்ஷம்; கடவுளையே பெற்றவர்களுக்கு ஆளுக்கு 65 டாலர்! அந்த 130 டாலரும் சேர்த்துக் கொடுத்த பழைய செக்குக் காகிதத்தை 2012-ல் ஏலம் விட்டபோது 1,60,000 டாலருக்குப் போயிற்று. முதல் இதழின் பிரதி ஒன்று 2014-ல் 32 லக்ஷம் டாலருக்குப் போயிற்று. ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் இறந்துவிட்டார்கள். காகிதத்துக்கு இருந்த மதிப்பு அதில் எழுதிய கைக்கு இல்லை. கோவில் கட்டிய கல்தச்சன் கர்ப்பக்கிரகத்துக்குள் போகக்கூடாது என்று சொன்ன நமது நாட்டாருக்கு இந்த நீதி புதிதல்ல.

பொம்மைக்குப் போய் இவ்வளவா?

“இது பிள்ளைகள் பார்க்கும் பொம்மைக் கதை; இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று சிலர் சொல்லலாம். அமெரிக்காவில் இது பொம்மைக் கதைதான். சூப்பர்மேன் இல்லை என்று சொன்னவனை யாரும் நாஸ்திகன் என்று அடிப்பதில்லை. அவன் பெயரால் மானிய நிலம் இல்லை. அவன் காலில் பிறந்தவன் என்று ஒரு ஜாதியும் இல்லை. அந்த மட்டில் நமது அவதாரங்களைவிட அவன் எவ்வளவோ நல்லவன். ஆனால் எவனோ ஒருவன் வருவான், வந்து நமக்காகச் சண்டை போடுவான் என்கிற எண்ணம் பொம்மையல்ல. அந்த எண்ணத்தோடு வளருகிற பிள்ளைதான் பெரியவனானதும் தலைவனைத் தெய்வமென்கிறான். நமது நாட்டில் நடிகருடைய படத்தின்மேல் குடம் குடமாகப் பாலைக் கொட்டுகிறான்.

பறந்து நடித்த கிறிஸ்டோபர் ரீவின் கதையையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1995 மே மாதத்தில் அவர் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கை கால் அசையாதவரானார். மூச்சுவிடுவதற்கும் யந்திரம் வேண்டியதாயிற்று. அவர் எந்த அற்புதத்துக்கும் காத்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் போய், முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். தன்னைப் போன்ற அங்கவீனர்களுக்காகச் சர்க்காரிடம் வாதாடினார். 2004 அக்டோபரில் இறக்கும் வரை இதைச் செய்தார். கம்பியில் தொங்கிப் பறந்தபோது அவர் வேஷக்காரர். அசைய முடியாமல் பிறருக்காகப் பாடுபட்டபோதுதான் அவர் வீரர். இதற்கு அவருக்கு வேறு உலகத்துச் சக்தி ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆகவே, இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. காசும் பொழுதும் இருந்தால் பாருங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். ஆனால் கையில் கட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெரு ஜனங்கள் ஓடி வரும்போது மட்டும் தயவு செய்து சிரிக்காதீர்கள். மண்டியிட மாட்டோம் என்று அந்தப் படத்தில் நினைத்தவர்கள் அவர்கள்தான். ஊதினால் பறந்துவிடுவார்கள் என்று காட்டியது முதலாளியின் காமிரா. ஆனால் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் பெயரையும் கஞ்சியையும் வாங்கிக் கொடுத்தது, கூடி நின்ற அப்படிப்பட்ட சாதாரண ஜனங்கள் என்பது சரித்திரம்.